அடிபட்ட காலுக்குள் ஏறும் அழுத்தம்: கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமும் புதிய கருவிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பு முறிந்துவிட்டது, கட்டுப் போட்டாயிற்று, இனி ஆறிவிடும் என்று எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுகிற முதல் இரவில் கால் கெட்டுப்போவது உண்டு. அதற்குக் காரணமாகும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் குறித்து நோயாளிகளும் உடன் இருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே. அதைக் கண்டுபிடிக்க வந்திருக்கும் புதிய கருவிகளைப் பற்றியும் பேசுகிறோம்.

கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்றால் என்ன?

கை கால்களில் உள்ள தசைகள் கட்டுக்கட்டாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கட்டையும் வெண்மையான ஓர் உறை சுற்றியிருக்கிறது. பார்ப்பதற்கு மெல்லியதாக இருந்தாலும் இந்தத் தசையுறை மிக உறுதியானது. இழுத்தால் ரப்பரைப் போல நீளாது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் இப்படி நான்கு அறைகள் இருக்கின்றன. முன்கையில் மூன்று. அடிபட்ட தசை வீங்கும்போதும், முறிந்த எலும்பிலிருந்து இரத்தம் கசியும்போதும் அறைக்குள் இருப்பது பெருகுகிறது. அறையோ விரிவதில்லை. அதனால் உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கும் நரம்புக்கும் போகும் இரத்த ஓட்டம் நசுங்குகிறது. இதுதான் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்.

பாதத்தில் நாடி துடிக்கிறதே? இரத்தம் போகவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். பலரை ஏமாற்றுவது இந்த நாடிதான்.

பெரிய தமனியில் இரத்தம் சுமார் 120 மி.மீ. பாதரச அழுத்தத்தில் பாய்கிறது. ஆனால் தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டு சேர்ப்பவை அந்தத் தமனியிலிருந்து கிளைத்துக் கிளைத்து, மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லியவையாகப் போகும் தந்துகிகள். அங்கே அழுத்தம் 30 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அவற்றைக் கடந்து இரத்தம் சிரைக்குள் இறங்கினால்தான் அடுத்த சொட்டு உள்ளே வர முடியும். ஓய்வில் இருக்கும் தசையறையின் இயல்பான அழுத்தம் 10 மி.மீ. அளவில் இருக்கும். அது 40ஐத் தொட்டால் மெல்லிய சுவர் கொண்ட சிரைகளும் தந்துகிகளும் முதலில் அமுங்குகின்றன. தமனியோ 120இல் பாய்வதால் அமுங்காமல் அறையைக் கடந்து பாதம் வரை துடித்துக்கொண்டே போகிறது. நெடுஞ்சாலையில் வண்டிகள் ஓடுகின்றன, தெருக்கள் மட்டும் அடைபட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் கிடைக்காத தந்துகிகளின் சுவர்கள் ஒழுகத் தொடங்குகின்றன. நீர் வெளியேறி வீக்கம் இன்னும் கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. நாடி மறையும் வரை காத்திருந்தால் தசையை இழந்துவிட்டோம் என்றே பொருள்.

யாருக்கு வரும்?

முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்தவர்களுக்கு அதிகம் வருகிறது. அடுத்து முன்கை, மணிக்கட்டு முறிவுகள். இளம் ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களுடைய தசைகள் திரண்டு உறையை ஏற்கெனவே நிறைத்திருப்பது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. குழந்தைகளுக்கு முழங்கைக்கு மேலே முறியும்போது அஞ்ச வேண்டும்.

எலும்பு முறியாமலும் வரும். கனமான பொருள் விழுந்து நசுங்கிய கால், தீக்காயம், அடைபட்டிருந்த தமனியைச் சரிசெய்தபின் திடீரென்று இரத்தம் பாயும் கை, மயங்கிய நிலையில் பல மணி நேரம் உடலுக்கு அடியில் சிக்கிய கை, இறுக்கமான கட்டு எல்லாமே காரணம் ஆகலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சிறிய அடியே போதுமானதாக இருக்கலாம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவில் அழுத்தம் தானே வெளியேறிவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஓர் அறை கிழிந்திருந்தாலும் மற்ற அறைகள் மூடியேதான் இருக்கின்றன.

எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது?

இரத்த ஓட்டம் நின்ற தசையில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மீளாத சேதம் தொடங்குகிறது. எட்டு மணி நேரம் கடந்தால் பெரும்பகுதி போய்விடும். கடிகாரம் அடிபட்ட நொடியில் ஓடத் தொடங்குவதில்லை. அழுத்தம் எல்லை கடந்த நொடியில் தொடங்குகிறது. அந்த நொடி எது என்று யாருக்கும் தெரியாது. புதிய கருவிகளுக்காக இத்தனை ஆண்டுகள் உழைத்ததெல்லாம் அந்த நொடியைப் பிடிப்பதற்குத்தான்.

முறிவு என்றாலே வலிதான். இந்த வலியை எப்படிப் பிரித்தறிவது?

முறிவு வலி கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் தணியும். மருந்து கொடுத்தால் இன்னும் தணியும். இந்த வலி ஏறிக்கொண்டே போகும். ஆழமாக, எரிவது போல, உள்ளிருந்து பிளப்பது போல இருக்கும் என்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்பு போட்ட ஊசி போதவில்லை, இன்னொன்று வேண்டும் என்று நோயாளி கேட்டால் அதை வலி பொறுக்காதவரின் முறையீடாகத் தள்ளிவிடக் கூடாது. அது ஒரு நோய்க்குறி.

இன்னொரு சோதனை இருக்கிறது. நோயாளி தானாக அசைக்காமல் இருக்க, மருத்துவரோ செவிலியரோ கால் பெருவிரலைப் பிடித்து மெல்லக் கீழ்நோக்கி வளைப்பார். காலின் முன்னறைத் தசை இழுபடும். அப்போது கெண்டைக்காலுக்கு முன்புறம் தாங்க முடியாத வலி எழுந்தால் சந்தேகம் வலுக்கிறது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள தோல் மரத்துப்போவதும் முக்கியமான அடையாளம். முன்னறை வழியே போகும் நரம்புதான் அந்தச் சிறு இடத்துக்கு உணர்வு தருகிறது.

குழந்தைகள் இப்படியெல்லாம் விவரித்துச் சொல்ல மாட்டார்கள். அவர்களிடம் பார்க்க வேண்டியவை மூன்று: காரணமில்லாத பதற்றம், அடங்காத அழுகையும் முரண்டும், வலி மருந்தின் தேவை கூடிக்கொண்டே போவது.

இந்த அடையாளங்களை மட்டும் நம்பினால் போதாதா? கருவி எதற்கு?

அடையாளங்கள் எதுவும் இல்லாதபோது இந்த நோய் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் நோய் இருக்கும்போது அவை எல்லாம் தவறாமல் வெளிப்படும் என்று நம்ப முடியாது. 2002இல் வெளியான ஒரு மறுஆய்வு, தனித்தனி அடையாளங்கள் நோயைப் பிடித்துக்காட்டும் திறன் 13 முதல் 19 சதவீதம்தான் என்று கணக்கிட்டது. தலையில் அடிபட்டு மயங்கியிருப்பவர், செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர், பேச முடியாதவர் ஆகியோரிடம் வலியைக் கேட்கவே வழியில்லை. கருவி அவர்களுக்குத்தான் உயிர்நாடி.

அழுத்தத்தை எப்படி அளக்கிறார்கள்?

இந்நோயின் விளைவை மருத்துவ உலகுக்கு முதலில் தெளிவாக விவரித்தவர் ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மன். இறுக்கமான கட்டுக்குப் பிறகு முன்கைத் தசைகள் சுருங்கி, விரல்கள் மடங்கி இறுகிவிடுவதை அவர் 1881இல் எழுதினார். அழுத்தத்தை நோயாளியின் படுக்கையருகிலேயே அளக்கும் எளிய வழி 1975இல் வைட்சைட்ஸ் என்ற எலும்பு மருத்துவரின் குழுவினரிடமிருந்து வந்தது. ஓர் ஊசி, ஒரு குழாய், ஒரு சிரிஞ்சு, ஒரு பாதரச அளவி, அவ்வளவுதான். பின்னர் கையடக்க டிஜிட்டல் கருவி வந்தது. நுனியில் மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் துளையுள்ள ஊசியைத் தசைக்குள் செலுத்தி, துளி உப்புநீர் விட்டு, திரையில் எண்ணைப் படிக்கிறார்கள். பல மருத்துவமனைகளில் இன்றும் இதுதான் நடைமுறை.

இதில் கைத்திறன் நிறைய வேண்டும். சாதாரண நேர் ஊசி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். முறிவிலிருந்து 5 செ.மீ.க்குள் குத்தினால் கிடைக்கும் எண்ணும் அதைவிடத் தள்ளிக் குத்தினால் கிடைக்கும் எண்ணும் வேறு வேறு. முறிவுக்கு அருகில்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. நான்கு அறைகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் முடிவு பிழையாகலாம்.

‘30’ என்று எல்லோரும் சொல்லும் எண் எது?

முன்பு அறைக்குள் அழுத்தம் 30 மி.மீ. கடந்தாலே தசையுறையை அறுத்துத் திறக்க வேண்டும் என்ற கருத்து இருந்தது. எடின்பரோவில் எலும்பு அறுவை மருத்துவர்கள் மக்வீன், கோர்ட்-பிரவுன் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. கால் எலும்பு முறிந்த 116 பேரை 24 மணி நேரம் தொடர்ந்து அளந்தார்கள். முதல் 12 மணி நேரத்தில் 53 பேருக்கு அழுத்தம் 30ஐத் தாண்டியது. பழைய விதிப்படி அத்தனை பேரின் காலையும் திறந்திருக்க வேண்டும். அவர்கள் வேறொரு கணக்கைப் பின்பற்றினார்கள்: நோயாளியின் இரத்த அழுத்தத்தில் கீழ் அளவிலிருந்து அறையின் அழுத்தத்தைக் கழித்தால் வரும் மீதி 30க்குக் கீழே போகிறதா? அப்படிப் போனவர்கள் மொத்தம் மூன்றே பேர். அவர்களுக்கு மட்டும் அறுவை நடந்தது. மற்றவர்கள் எவருக்கும் தசைச் சேதம் ஏற்படவில்லை.

உதாரணமாக, இரத்த அழுத்தம் 120/80, அறை அழுத்தம் 40 என்றால் மீதி 40. கவனித்துக்கொண்டே இருக்கலாம். இரத்த இழப்பால் 90/55 ஆகிவிட்ட இன்னொருவருக்கு அறை அழுத்தம் 30தான் என்றாலும் மீதி 25. அவர் ஆபத்தில் இருக்கிறார். எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. அறுவை அரங்கில் மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைத்துவிடும் என்பதால், அங்கே கணக்குப் போடும்போது மயக்கத்துக்கு முந்தைய அளவை எடுத்துக்கொள்வதும் உண்டு.

ஒருமுறை அளந்தால் போதாதா?

போதாது. இந்நோய் இல்லை என்று கருதப்பட்ட கால் முறிவு நோயாளிகளை ஒரே ஒருமுறை அளந்து பார்த்த 2014 ஆய்வில், சுமார் 35 சதவீதம் பேருக்கு இருப்பதாகப் பொய்யான முடிவு வந்தது. ஒற்றை எண் என்பது ஒரு புகைப்படம். அழுத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அது சொல்லாது.

மக்வீன் குழுவினர் 2013இல் தங்களிடம் தொடர் அளவீடு செய்யப்பட்ட 850 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மீதி 30க்குக் கீழே இரண்டு மணி நேரம் நீடித்தால் அறுவை என்ற விதி, நோய் உள்ளவர்களில் 94 சதவீதம் பேரைப் பிடித்தது. இல்லாதவர்களில் 98 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. பிற மையங்களும் இதே அளவு வெற்றி காணுமா என்ற விவாதம் தொடர்கிறது. எனினும் தொடர் அளவீட்டின் பக்கமே என் மனம் சாய்கிறது.

புதிதாக வந்திருக்கும் சென்சார்கள் என்ன செய்கின்றன?

பழைய தொடர் அளவீட்டில் உப்புநீர் நிரம்பிய குழாய் வேண்டும். குழாயில் காற்றுக் குமிழி புகுந்தாலும், அடைத்துக்கொண்டாலும், கட்டிலின் உயரம் மாறினாலும் எண் தவறும். நள்ளிரவில் ஒரு செவிலியர் இதை இழுத்துப் பிடித்துச் சமாளிப்பது எளிதல்ல.

புதிய கருவிகளில் அழுத்தத்தை உணரும் நுண்சில்லு மெல்லிய செருகியின் நுனியிலேயே தசைக்குள் போய்விடுகிறது. நீர்க்குழாய் தேவையில்லை, கட்டில் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் கவலையில்லை. அழுத்தத்தைப் பல மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்து, வளைகோடாகத் திரையிலும் கம்பியில்லா இணைப்பு வழியே மருத்துவரின் கைப்பேசியிலும் காட்டுகிறது. கனடாவின் மான்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள எலும்பு மருத்துவர்களும் பொறியாளர்களும் உருவாக்கிய ‘எம்ஒய்01’ இவ்வகையில் அறியப்பட்ட ஒன்று. இரண்டு மணிக்கு 18, மூன்றுக்கு 24, நான்குக்கு 33 என்று ஏறும் கோட்டைப் பார்க்கும் மருத்துவர் எல்லை தொடுமுன்பே அறுவை அரங்கைத் தயார்செய்யச் சொல்லலாம். இதன் பெரிய நன்மை அதுதான்.

குறை? அது செருகப்பட்ட ஓர் அறையை மட்டுமே அறியும். பக்கத்து அறையில் நடப்பது அதற்குத் தெரியாது.

தோலைத் துளைக்காமல் கண்டுபிடிக்க முடியாதா?

எல்லோருக்கும் பிடித்த கனவு இது. இரண்டு வழிகளில் முயன்றிருக்கிறார்கள்.

முதலாவது அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளி. தோல்மேல் ஒட்டிய பட்டையிலிருந்து ஒளியைச் செலுத்தி, இரண்டு மூன்று செ.மீ. ஆழத்தில் இரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று பார்க்கிறார்கள். அடிபட்ட காலுக்கு இயல்பாகவே கூடுதல் இரத்தம் ஓடுவதால் அதன் அளவு நல்ல காலைவிட உயர்ந்திருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்பது இதன் தர்க்கம். அழகான எண்ணம். நடைமுறையில் பல இடங்களில் தடுக்குகிறது: தோலடியில் கட்டிய இரத்தம், கொழுப்பின் தடிமன், தோலின் கருமை ஆகியவை ஒளியைக் குழப்புகின்றன; ஆழ்ந்த பின்னறையை ஒளி எட்டுவதும் கடினம். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதன் குறைகளையே எடுத்துக்காட்டியது. கருமையான தோல் உடையவர்களிடம் தடுமாறும் ஒரு கருவியை நம்பி யாருடைய காலையும் பணயம் வைக்க முடியாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது அல்ட்ராசவுண்ட். ஒவ்வொரு துடிப்புக்கும் தசையுறை நுண்ணிய அளவு அசைகிறது. அறை இறுகினால் அந்த அசைவு மாறுகிறது. இதை அளக்கும் நுட்பம் நாசாவின் ஆய்வுகளிலிருந்து வந்தது. தோலை மெல்ல அழுத்தி அறை எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பது, தசையின் விறைப்பை அதிர்வலையால் அளப்பது என்று வேறு முறைகளும் சோதனையில் இருக்கின்றன. வலியில்லாதவை, திரும்பத் திரும்பச் செய்யக்கூடியவை என்பதால் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இவற்றை மட்டும் வைத்து அறுவையை முடிவு செய்யும் நிலை இன்னும் வரவில்லை.

அழுத்தத்தை விட்டுவிட்டுத் தசையின் பட்டினியையே அளந்தால் என்ன?

சரியான கேள்வி. நம்மைக் கவலைப்படுத்துவது அழுத்தம் அன்று, அதனால் வரும் பட்டினி. ஆக்சிஜன் கிடைக்காத தசையில் அமிலம் கூடுகிறது, குளுக்கோஸ் குறைகிறது. தசைக்குள் அமிலநிலையை அளக்கும் சென்சார்களை மனிதர்களிடமும், குளுக்கோஸ், ஆக்சிஜன் சென்சார்களை விலங்குகளிடமும் சோதித்திருக்கிறார்கள். வருங்காலம் இந்தப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். இன்றைய வார்டுக்கு இது இன்னும் வந்து சேரவில்லை.

கருவி இயல்பு என்கிறது, வலியோ ஏறுகிறது. எதை நம்புவது?

வலியை. ஊசி தவறான இடத்தில் இருக்கலாம், வேறோர் அறை இறுகியிருக்கலாம். அனுபவமுள்ள எலும்பு அறுவை மருத்துவர் உடனே நேரில் வந்து காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அடையாளங்கள் தெளிவாக இருந்தால் அளவுக்காகக் காத்திருக்கவே கூடாது.

நரம்பைச் சுற்றி ஊசி போட்டுக் காலை மரத்துப்போகச் செய்வது இந்த வலியை மறைத்துவிடுமா என்ற அச்சம் நியாயமானது. மருந்தின் செறிவைக் குறைத்து, இடைவிடாமல் கண்காணித்தால் செய்யலாம் என்று பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்கள் 2021இல் வழிகாட்டினார்கள். கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் தவிர்ப்பதே நல்லது.

சந்தேகம் வந்தவுடன் செய்ய வேண்டியவை என்ன?

மாவுக்கட்டை நீளவாட்டில் பிளக்க வேண்டும். உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரியும் வரை வெட்ட வேண்டும். வெளி ஓட்டை மட்டும் கீறிவிட்டுப் பஞ்சை விட்டுவைப்பது அரைகுறை வேலை. காலை இதய மட்டத்தில் வைக்க வேண்டும். வீக்கம் என்றால் தலையணை மேல் உயர்த்தி வைக்கும் பழக்கம் இங்கே கெடுதல் செய்யும்: உயர்த்தினால் உள்ளே வரும் இரத்தத்தின் அழுத்தம் குறைகிறது. ஆக்சிஜன் கொடுத்து, இரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் மாவுக்கட்டோடு இருப்பவருக்கு இந்த அடையாளங்கள் தோன்றினால் விடியும் வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குக் கிளம்ப வேண்டும்.

ஃபேசியாட்டமி என்ற அறுவை என்ன? அதைத் தவிர்க்க வழி உண்டா?

தசையுறையை நீளமாகக் கீறித் திறப்பதே ஃபேசியாட்டமி. காலில் வழக்கமாக இரு பக்கமும் இரண்டு நீண்ட கீறல்கள் போட்டு நான்கு அறைகளையும் திறக்கிறார்கள். நீளத்தைக் கண்டு பலர் அதிர்கிறார்கள்; சிறிய கீறலில் தோலே இறுக்கிப் பிடிக்கும். பிரிட்டனின் எலும்பு மருத்துவ வழிகாட்டி, முடிவெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அறுவை நடக்க வேண்டும் என்றும், சுமார் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது.

மெல்லிய குழாய்கள் வழியே தசையிலிருந்து நீரை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைக்கும் முறையைச் சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். அது ஃபேசியாட்டமியின் இடத்தைப் பிடிக்கவில்லை. மருந்து, உயர் அழுத்த ஆக்சிஜன் எதுவும் பிடிக்கவில்லை.

திறந்த காயத்தை எப்படி மூடுவார்கள்?

வீக்கம் வடியும் வரை திறந்தே வைப்பார்கள். காயத்தில் பஞ்சு வைத்து, மேலே ஒட்டுத்தாள் மூடி, இயந்திரத்தால் உறிஞ்சும் வேக்குவம் டிரெஸ்ஸிங் இன்று பரவலாக இருக்கிறது. இன்னொன்று ரப்பர் இழைகளை ஷூ லேஸ் போலக் காயத்தின் இரு ஓரங்களிலும் கோத்து, தினமும் கொஞ்சம் இறுக்குவது. இரண்டையும் ஒப்பிட்ட 2014 ஆய்வில் லேஸ் முறையில் சராசரியாக 15 நாட்களிலும் வேக்குவம் முறையில் 19 நாட்களிலும் காயம் மூடியது; செலவிலும் லேஸ் முறையே குறைவு. இயந்திரம் இல்லாத மருத்துவமனையில் படுத்திருப்பவர்கள் தங்களுக்குக் குறைந்த சிகிச்சை கிடைப்பதாக வருந்த வேண்டியதில்லை. தோல் எட்டவில்லை என்றால் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டுவார்கள்.

தாமதமாகிவிட்டால்?

தசை முழுதும் இறந்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டால், திறப்பதால் தொற்றுதான் உள்ளே போகும் என்பதால் சில வேளைகளில் மருத்துவர்கள் திறக்காமல் விடுகிறார்கள். இறந்த தசையிலிருந்து வெளிவரும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் உடனே சொல்ல வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமை, மடங்கி இறுகிய விரல்கள் ஆகியவற்றுக்குத் தாங்கு பட்டை, தசைநாணை நீட்டும் அறுவை, இயங்கும் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்துவது என்று வழிகள் உள்ளன. காலையே எடுக்க வேண்டி வருவதும் உண்டு.

உடன் இருப்பவர் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. ஒரு தாளில் நேரம் போட்டு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எந்த வலி மருந்து கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் தாங்கியது, விரல்களை அசைக்க முடிந்ததா, பெருவிரல் இடுக்கில் தொட்டால் தெரிந்ததா. முதல் 24 மணி நேரம் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி. பணி நேரம் மாறி வேறு செவிலியர் வரும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். கேட்கத் தயங்காதீர்கள்: “இவருக்குக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் வர வாய்ப்பு உண்டா? அறை அழுத்தத்தை அளந்தீர்களா? மீதி எவ்வளவு? அடுத்து எப்போது பார்ப்பீர்கள்?” பதிலையும் நேரத்தோடு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.